வாசகர் கேள்வி – பதில்: வாயில் வாழும் பாக்டீரியாக்களும் பற்சொத்தையும்

பற்களின் நலம் குறித்து வாசகர்களிடமிருந்து கேள்விகளை வரவேற்றிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வாயிலுள்ள கிருமிகளை அடியோடு ஒழிக்க வழி என்ன என்று ஏதோ ஒரு வகையில் கேட்கின்றன. அந்தக் கேள்வியின் அடிப்படையையே சற்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வாயிலுள்ள பாக்டீரியாக்களை ஒழிக்க இயலாது. ஒழிக்க வேண்டிய தேவையும் இல்லை. அவை எப்போது அமிலத்தை உண்டாக்குகின்றன, எவ்வளவு நேரம் உண்டாக்குகின்றன என்பவைதான் பல்லின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. தேர்ந்தெடுத்த கடிதங்களுக்கு இந்தப் பார்வையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எல்லோருடைய வாயிலும் கிருமிகள் இருக்கின்றன என்கிறார்கள். அப்படியிருக்க, சொத்தைக்கு அவைதான் காரணம் என்று எவ்வாறு உறுதி செய்தார்கள்? பல்லைப் புழு அரிக்கிறது என்று சொல்வதில் உண்மை எதுவும் இல்லையா?

புழு என்று எதுவும் இல்லை. பற்புழுவைப் பற்றிய நம்பிக்கை மிகப் பழையது. பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே அதை விரட்டும் மந்திரம் இருக்கிறது. 1728-இல் பிரான்சின் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் தம் நூலில் அந்தக் கொள்கையை மறுத்தார். ஆனால், புழு இல்லையென்றால் வேறு எது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வாயில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த அந்தோனி வான் லேவன்ஹூக், தாமே செய்த உருப்பெருக்கியில் தம் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த வெள்ளைப் பசையை மழைநீரில் கலந்து பார்த்து, அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதாக 1683-இல் லண்டனின் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் நாள்தோறும் உப்பால் பல் துலக்கும் வழக்கமுள்ளவர் என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாகத் துலக்கியவரின் வாயிலும் அவை இருந்தன.

அந்த உயிர்களுக்கும் சொத்தைக்கும் உள்ள தொடர்பை முறையாக விளக்கியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர். மாவுப் பொருளையும் சர்க்கரையையும் வாய்ப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அமிலமாக்குகின்றன என்றும், அந்த அமிலம் பல்லின் கனிமத்தைக் கரைக்கிறது என்றும் 1890-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1954-இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் ஆர்லாண்டும் அவருடைய குழுவினரும், பிறப்பு முதல் எந்த நுண்ணுயிரும் அண்டாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவையே கொடுத்தார்கள். அவற்றுக்குச் சொத்தை வரவில்லை. அதே உணவைத் தின்ற, பாக்டீரியா உள்ள எலிகளுக்கு வந்தது. சர்க்கரை மட்டும் இருந்தால் போதாது, பாக்டீரியாவும் வேண்டும் என்பது இதனால் உறுதியாயிற்று. பாக்டீரியா மட்டும் இருந்தாலும் போதாது என்பதை இதன் மறுபக்கமாக நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: சொத்தையை உண்டாக்குவது ஒரே ஒரு வகைக் கிருமியா, பலவா? அது பல்லை எப்படித் துளைக்கிறது?

துளைப்பது என்ற சொல்லே நம்மை வழிதவறச் செய்யும். எந்தப் பாக்டீரியாவும் பல்லின் வெளி உறையான எனாமலைக் கடிப்பதோ தின்பதோ இல்லை. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடைக்கணக்கில் அதில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். அதை வெல்ல அமிலம் ஒன்றால்தான் முடியும். பாக்டீரியா தன் உயிர்ப்பிழைப்புக்காகச் சர்க்கரையைச் சிதைக்கிறது; அதன் கழிவாக வெளிவரும் லாக்டிக் அமிலம் பல்லின் மேல் தேங்கி, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே இழுக்கிறது.

இதில் அதிகமாகக் குற்றம் சாட்டப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட இந்தப் பாக்டீரியா, பின்னர் பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1960களில் மீண்டும் ஆய்வாளர்களின் பார்வைக்கு வந்தது. இதற்கு மூன்று திறமைகள் உண்டு. முதலாவதாக, நாம் அன்றாடம் பயன்படுத்தும் சர்க்கரையான சுக்ரோஸைக் கொண்டு, நீரில் கரையாத பிசினை உண்டாக்கி, அதன் உதவியால் வழுவழுப்பான பல்லின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மற்றப் பாக்டீரியாக்களுக்கும் அந்தப் பிசினே தங்குமிடமாகிறது. இரண்டாவதாக, மற்றவை செயலிழக்கும் அளவுக்கு அமிலம் மிகுந்த நிலையிலும், உள்ளே நுழையும் அமிலத்தை வெளியே இறைத்துவிட்டுத் தொடர்ந்து வேலை செய்கிறது. மூன்றாவதாக, கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தன்னுள் சேமித்துக்கொண்டு, நாம் உண்டு முடித்த பிறகும் அதிலிருந்து அமிலத்தைச் சுரக்கிறது.

ஆயினும் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் முழு உண்மை கிடைக்காது. இந்தப் பாக்டீரியா நிறைய இருந்தும் சொத்தை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இது அரிதாகவே காணப்படும் சொத்தைகளும் இருக்கின்றன. மனித வாயில் இதுவரை எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோப்ரினஸ், லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்றவையும் அமிலம் சுரப்பவையே. ஆழமான சொத்தைகளில் லாக்டோபேசில்லஸ் ஏராளமாக இருக்கும். மறுபுறம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் போன்ற சில, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து மியூட்டன்ஸை அடக்குகின்றன. உமிழ்நீரிலுள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறிக்கவும் செய்கின்றன. வெய்லோனெல்லா என்ற இனமோ, பிறர் கழித்த லாக்டிக் அமிலத்தையே உணவாக்கிக்கொண்டு அதைவிட வலிமை குறைந்த அமிலங்களை வெளிவிடுகிறது.

1990களில் நுண்ணுயிரியலாளர் ஃபிலிப் மார்ஷ் முன்வைத்த விளக்கம் இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. வயல்களிலிருந்து உரம் வந்து சேரும் ஏரியில் பாசி பெருகி மற்ற உயிர்கள் அழிவதைப் போல, அடிக்கடி சர்க்கரை வந்து சேரும் பற்படலத்தில் (பல்லின் மேல் பாக்டீரியாக்கள் படிந்து உருவாகும் பசைப் படலம்) அமிலத்தைத் தாங்கக்கூடியவை பெருகுகின்றன, தாங்காதவை ஒதுங்குகின்றன என்றார் அவர். பாசியை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் ஏரி தெளியாது. உரம் வரும் வாய்க்காலை அடைக்க வேண்டும். சொத்தையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகவும் பயனுள்ள செய்தி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: நானும் என் அக்காவும் ஒரே வீட்டில் வளர்ந்தோம். இனிப்பு அவருக்குத்தான் அதிகம் பிடிக்கும். உணவோடு நிறையவே சாப்பிடுவார். எனக்கு இனிப்புப் பண்டங்களில் நாட்டமில்லை, வேலைக்கு நடுவே சர்க்கரை போட்ட தேநீரை மட்டும் அவ்வப்போது குடிப்பேன். எனக்கு ஐந்து பற்களில் சொத்தை, அவருக்கு ஒன்றுகூட இல்லை. இது என்ன நியாயம்?

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் விடை தங்கள் கடிதத்திலேயே, "அவ்வப்போது" என்ற சொல்லில் இருக்கிறது.

ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1940-இலும் 1944-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், பல்லின் மேலுள்ள படலத்தில் மிக நுண்ணிய மின்முனையை வைத்து அமில அளவை அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) சரசரவென்று இறங்கியது; பிறகு மெல்ல மெல்ல ஏறி, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடித்தது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 5.5. பி.எச். அளவில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், ஆறரையிலிருந்து ஐந்துக்கு இறங்குவது சிறிய மாற்றமே அன்று. முப்பது மடங்குக்கும் மேலான ஏற்றம் அது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் பல் இருபது நிமிடம் அந்த எல்லைக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வேளை உணவோடு மட்டும் இனிப்பு உண்பவரின் பற்களுக்கு அமில நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி. எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும் உமிழ்நீர் சேதத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும். அளவு குறைவாக இருந்தாலும் பன்னிரண்டு முறை பருகுபவருக்கு அந்த நேரம் நான்கு மணியாகிவிடுகிறது. ஒரு கோப்பைத் தேநீரை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மிடறு மிடறாகக் குடித்தால், அதை ஒரு முறையாக எண்ணக் கூடாது. ஒவ்வொரு மிடறும் ஏறத் தொடங்கிய பி.எச். அளவை மீண்டும் கீழே தள்ளுகிறது.

அளவைவிட எத்தனை முறை என்பதும், வாயில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் முக்கியம் என்பதை மனிதர்களிடம் முதன்முதலில் விரிவாகக் காட்டியது, சுவீடனின் விப்பெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் நடத்தி 1954-இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு. உணவோடு சர்க்கரை கூடியபோது சொத்தை அதிகம் கூடவில்லை. உணவு வேளைகளுக்கு இடையில் பல்லில் ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்தபோதுதான் பெருமளவில் கூடியது. மறுக்கவும் இயலாத அறிவுசார் குறைபாடுள்ள மனிதர்களின் பற்களை அழித்துப் பெற்ற அறிவு அது. அந்த ஆய்வைக் குறிப்பிடும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தங்கள் அக்காவுக்கு உமிழ்நீர் கூடுதலாகச் சுரக்கலாம், பற்களின் பள்ளங்கள் ஆழமின்றி இருக்கலாம், ஃபுளூரைடு பற்பசையை அவர் ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கலாம். அவற்றைத் தாங்கள் இங்கிருந்து மாற்ற முடியாது. தேநீரில் சர்க்கரையைத் தவிர்ப்பதும், அது முடியாதபோது உணவை ஒட்டிக் குடித்து முடித்துவிடுவதும் தங்கள் கையில் இருக்கின்றன.

கேள்வி: கிருமிகளை 99 சதவீதம் கொல்லும் என்று விளம்பரம் செய்யப்படும் வாய்க்கொப்பளிப்பானை நாள்தோறும் இரண்டு முறை பயன்படுத்துகிறேன். இதனால் சொத்தை வராமல் தடுக்க முடியுமா?

அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பற்படலம் என்பது தனித்தனியே மிதக்கும் கிருமிகளின் கூட்டம் அன்று. பிசினில் புதைந்து அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்ட குடியிருப்பு. கொப்பளிக்கும் அரை நிமிடத்தில் மருந்து அதன் மேலடுக்கைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. தூரிகையின் உரசலால்தான் அந்தப் படலம் பெயரும். கொல்லப்பட்டவற்றின் இடத்தையும் சில மணி நேரத்தில் மீதமுள்ளவை நிரப்பிவிடும். உணவுப் பழக்கம் மாறாதிருந்தால் நிரப்புபவை பெரும்பாலும் அமிலம் சுரக்கும் இனங்களாகவே இருக்கும்.

மேலும், நமக்கு வேண்டியவையும் சேர்ந்து அழிகின்றன. கீரைகளிலும் காய்களிலும் உள்ள நைட்ரேட்டு உமிழ்நீர் வழியாக வாய்க்கு வரும்போது, நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கியபின் அது நைட்ரிக் ஆக்சைடாகி, இரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுகிறது. வலிமையான குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பானைச் சில நாட்கள் பயன்படுத்தியவர்களின் இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்ததைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறுவைக்குப் பிறகோ ஈறு நோய்க்கோ மருத்துவர் குறித்த நாட்களுக்குப் பயன்படுத்துவது வேறு. ஆண்டுக்கணக்கில் பழக்கமாக்கிக்கொள்வது வேறு. ஃபுளூரைடு கலந்த கொப்பளிப்பான்கள் பல்லின் கனிமத்தை வலுவாக்குவதற்காக உள்ளவை. அவற்றைப் பற்றி நான் இங்கே குறை சொல்லவில்லை.

கேள்வி: என் மகளின் முன்பல்லில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. இது சொத்தையின் தொடக்கம், ஆனால் அடைக்க வேண்டியதில்லை என்கிறார் பல் மருத்துவர். சொத்தை தானாகவே ஆறுமா?

அவர் சொன்னது சரியே. அந்தத் திட்டை நீங்களே உற்றுப் பாருங்கள். பல் ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரியும் அது, காற்றடித்து உலர்த்தியதும் சுண்ணாம்பு பூசியதுபோல் பளிச்சென்று தெரியும். மேற்பரப்பு உடையாமல் இருக்க, அதன் அடியில் கனிமம் கரைந்து நுண்துளைகள் உண்டாகியிருக்கின்றன. அந்தத் துளைகளிலுள்ள நீர் நீங்கிக் காற்று புகும்போது ஒளி அதிகமாகச் சிதறுவதால் வெண்மை கூடுகிறது. உலர்த்தாமலே தெளிவாகத் தெரிந்தால் கனிம இழப்பு இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள்.

எனாமலில் உயிரணுக்கள் இல்லை. பல் முளைக்கும்போதே அதை உருவாக்கிய அணுக்கள் மறைந்துவிடுகின்றன. எனவே தோலில் காயம் ஆறுவதுபோல் அது ஆறுவதில்லை. ஆனால் உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால், அமிலம் தணிந்த வேளைகளில் இழந்த கனிமம் மீண்டும் படிகிறது. அங்கே சிறிதளவு ஃபுளூரைடு இருந்தால் படிதல் விரைவாகிறது. புதிதாகப் படியும் கனிமமும் முன்பிருந்ததைவிட அமிலத்தை நன்றாகத் தாங்குகிறது. ஆகவே அவளுக்குத் தேவை, 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃபுளூரைடு உள்ள பற்பசை, இரவு உறங்கப் போகும் முன் ஒரு முறையும் பகலில் ஒரு முறையும் துலக்குதல், துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு நிறைய நீரால் கொப்பளிக்காமல் விடுதல். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் அரிசியளவு பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவு. பற்கள் உருவாகும் வயதில் பசையை விழுங்கிக்கொண்டே இருந்தால் நிலைத்த பற்களில் ஃபுளூரைடுத் திட்டுகள் விழக்கூடும் என்பதால்தான் இந்த அளவு. பெரியவர்கள் அருகில் இருந்து துலக்கிவிட வேண்டும்.

மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. குழிக்குள் தூரிகை எட்டாது. அங்கே படலத்தைக் கலைக்க வழியில்லாததால் பெரும்பாலும் அடைக்க வேண்டியே வரும். திட்டு பளபளப்பாகவும் கெட்டியாகவும் மாறினால் அது அடங்கிவிட்டது எனலாம். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது.

கேள்வி: சொத்தைப் பல்லில் வலி வந்தால் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன், வலி குறைகிறது. இது போதாதா?

போதாது. வலி வரும் நேரத்தில் பாக்டீரியாக்கள் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அடுக்கைக் கடந்து, நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழை நெருங்கியிருக்கும். குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லை; மாத்திரை அங்கே போய்ச் சேர்வதில்லை. வலி தணிவது பெரும்பாலும் தற்காலிகம், சில வேளைகளில் பற்கூழ் இறந்துபோனதன் அறிகுறி. முகம் வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மற்ற நேரங்களில் பல்லுக்கே சிகிச்சை தேவை.

கேள்வி: எனக்குச் சொத்தைகள் இருக்கின்றன. ஒன்றரை வயதுக் குழந்தையை முத்தமிட்டால், என் கரண்டியால் ஊட்டினால் கிருமி அவனுக்குப் போய்விடுமா? பயமாக இருக்கிறது.

உமிழ்நீர் வழியாகப் பாக்டீரியாக்கள் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது உண்மையே. 1993-இல் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளில் பலருக்கு 19 முதல் 31 மாத வயதுக்குள் மியூட்டன்ஸ் வந்து சேர்ந்திருந்தது. அது தாயிடமிருந்து மட்டுமன்றி உடன்பிறந்தவர்கள், விளையாட்டுத் தோழர்கள் எனப் பலரிடமிருந்தும் வரலாம், அதற்கு முன்பேயும் வரலாம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதே உமிழ்நீர் வழியாகத்தான் நல்ல பாக்டீரியாக்களும் குழந்தைக்குக் கிடைக்கின்றன.

ஆகவே முத்தத்தை நிறுத்த வேண்டாம் என்றே சொல்வேன், அம்மா. கரண்டியைத் தனியாக வைத்துக்கொள்வது எளிது, செய்யுங்கள். அதைவிட முக்கியமானவை இரண்டு: தங்கள் சொத்தைகளுக்குச் சிகிச்சை பெற்று வாயில் அமிலப் பாக்டீரியாக்களின் அளவைக் குறைப்பது; பாலோ பழச்சாறோ நிறைந்த புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடாதிருப்பது. வந்து சேர்ந்த பாக்டீரியாவுக்கு இரவெல்லாம் சர்க்கரை கிடைக்கும்போதுதான் மேல் முன்பற்கள் வரிசையாகக் கரைகின்றன. உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால்பற் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதி தடுத்திருக்கக் கூடியது என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கேள்வி: எழுபது வயது வரை என் தந்தைக்குச் சொத்தையே கிடையாது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஈறை ஒட்டிய இடங்களில் பற்கள் பழுப்பாகி உடைகின்றன. வாய் எப்போதும் உலர்ந்திருப்பதாகச் சொல்கிறார். உணவுப் பழக்கம் எதுவும் மாறவில்லை.

உணவு மாறாமல் போயிருக்கலாம்; உமிழ்நீர் மாறியிருக்கிறது. நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது, ஓட்டம் சர்க்கரையைக் கழுவிச் செல்கிறது, கனிமங்கள் பல்லைச் செப்பனிடுகின்றன. இந்தப் பாதுகாப்பு குறையும்போது, முன்பு அரை மணியில் தணிந்த அமிலம் நெடுநேரம் தங்குகிறது. அமிலம் தாங்கும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் எல்லோருக்குமே மிகக் குறைந்துவிடும் என்பதால் அவருக்கு இரவு இன்னும் கடினமான நேரம்.

வயதாகும்போது ஈறு இறங்கி வேர் வெளிப்படுவதும் ஒரு காரணம். வேரின் மேல் எனாமல் கிடையாது. அங்குள்ள டென்டின், பி.எச். 6.2 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். எனாமலுக்குத் தீங்கு செய்யாத மெல்லிய அமிலமே வேரைக் கரைத்துவிடுகிறது.

வாய் உலர்வுக்கு முதுமையைவிட மருந்துகளே பெரும்பாலும் காரணம். ஒவ்வாமைக்கான மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், சிறுநீர்ப்பைத் தொல்லைக்குத் தரப்படுபவை, இரத்த அழுத்த மருந்துகளில் சில ஆகியவை உமிழ்நீரைக் குறைக்கக்கூடும். கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் சோக்ரென் நோய்க்குறி உள்ளவர்களுக்கும் உலர்வு கடுமையாக இருக்கும். அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அவற்றைக் குறித்துக் கொடுத்த மருத்துவரிடம் காட்டி, மாற்று மருந்தோ அளவுக் குறைப்போ இயலுமா என்று கேளுங்கள். தாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். அடிக்கடி நீர் பருகட்டும். உலர்வுக்காக இனிப்பு மிட்டாயைச் சப்பும் வழக்கம் இருந்தால் அதை உடனே விட்டுவிட்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையற்ற மெல்லும் பசைக்கு (சூயிங்கம்) மாறட்டும். மியூட்டன்ஸால் சைலிட்டாலை அமிலமாக்க முடியாது, மெல்லும் செயலே உமிழ்நீரையும் தூண்டும். ஃபுளூரைடு மிகுந்த பற்பசையோ, பல்லின் மேல் பூசும் ஃபுளூரைடு வார்னிஷோ, வேர்ச் சொத்தையை அடக்கும் சில்வர் டையமின் ஃபுளூரைடோ அவருக்குப் பொருந்துமா என்று பல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். சில்வர் டையமின் ஃபுளூரைடு பட்ட சொத்தை இடம் நிலையாகக் கறுத்துவிடும் என்பதை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி, அவருடைய ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.